கடைசி 6 கிலோமீட்டருக்கு எந்த வண்டி? ஜிம்னி, தார், கூர்க்கா, பழைய ஜீப், வாடகை ஜீப்

தாண்டிக்குடிக்கு அந்தப் பக்கம் என் மச்சினன் மூன்று ஏக்கர் காபித் தோட்டம் வாங்கினான். ஊடுபயிராக மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலை வாழை. பத்திரம் பதிந்த அன்று சாயங்காலமே போன் வந்தது. "மாமா, தார் புக் பண்ணிடவா?" அவன் கேட்டது மஹிந்திராவின் தார், நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வண்டி.

வழி எனக்குத் தெரியும். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி வரைக்கும் தார் ரோடுதான், பஸ்ஸே போகிறது. தார் ரோட்டுக்குத் தார் எதற்கு? சிக்கல் முழுவதும் அதற்கு அப்புறம் வரும் 6 கிலோமீட்டரில். செம்மண் பாதை, ஏற்றத்தில் மட்டும் சோலிங் கல் (பாதையில் பதித்த பெரிய கல்), இரண்டு ஓடை, நான்கு இறுக்கமான வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. "அவசரப்படாதே, ஒரு நாள் பாதையை நடந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம்" என்றேன். போகும்போது வீட்டில் கிடந்த அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் முடிவின் பாதி அந்த நாடாவிலேயே கிடைத்துவிட்டது. மூன்றாவது வளைவு தாண்டி, பாறைக்கும் விளிம்பில் அடுக்கிய கல் கட்டுக்கும் நடுவில் இருந்த இடம் 2 மீட்டர் 10 சென்டிமீட்டர். மாருதி ஜிம்னியின் அகலம் 1645 மி.மீ. அதாவது பக்கத்துக்கு 23 செ.மீ. மிச்சம். தார் மூன்று கதவு வண்டி 1820 மி.மீ., பக்கத்துக்கு 14 செ.மீ. ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்க்கா 1865 மி.மீ., பக்கத்துக்கு 12 செ.மீ.தான். இதில் கண்ணாடியைக் கணக்கில் சேர்க்கவில்லை. அகலமான வண்டிகளில் அதை மடக்கிக்கொண்டு, ஒரு ஆள் இறங்கி முன்னால் நின்று கை காட்டினால்தான் போக முடியும். வெயில் நாளில் இது ஒரு விளையாட்டு. பனி இறங்கிய நவம்பர் மாலையில், பின் சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விளையாடுகிற விளையாட்டு இல்லை.

விளம்பரத்தில் யாரும் சொல்லாத இன்னொரு அகலமும் உண்டு. இந்தப் பாதைகளை வெட்டியது ஜேசிபியாக இருக்கலாம். ஆனால் தடம் போட்டது பழைய ஜீப்புகள். வில்லீஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி காலத்து ஜீப்பில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே 49 அங்குலம், 1245 மி.மீ. ஜிம்னியில் அது 1400-ஐ ஒட்டி வருகிறது, தாரில் 1520. பல வருடமாக ஜீப் ஓடி ஓடிப் பள்ளமான இரட்டைத் தடத்தில் அகலமான வண்டியை விட்டால், ஒரு சக்கரம் பள்ளத்திலும் இன்னொன்று மேட்டுச் சரிவிலும் ஏறி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தே போகும். சாய்வது சரிவுப் பக்கமாக இருந்தால் அந்த 6 கிலோமீட்டரும் ராம ஜபம்தான்.

இதையெல்லாம் பார்த்ததும் மச்சினனுக்கு முகம் வாடிவிட்டது. தார் மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. நியாயமாகச் சொன்னால் தார் மோசமான தேர்வு இல்லை. இந்தப் பாதைக்கு அது இரண்டாவது இடம், வேறு பாதைக்கு முதல் இடம்.

2020-இல் வந்த இந்தத் தாரில் 2.2 லிட்டர் டீசல் எஞ்சின் 130 பி.எஸ். சக்தியும் 300 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருகிறது. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 105 பி.எஸ்., 134 நியூட்டன் மீட்டர். இழுவையில் பாதிகூட இல்லை. மலையில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும், காற்று அவ்வளவு மெலிகிறது. 5000 அடியில் ஜிம்னியின் 105 பி.எஸ். 90-ஐ ஒட்டி வந்துவிடும். டர்போ டீசலுக்கு இந்த இழப்பு குறைவு. நான்கு பேர், நான்கு மூட்டை, மேலே ஒரு ஏற்றம் என்றால் ஜிம்னி கத்தும். நடுவில் விட்டுவிடாது, ஆனால் முதல் கியரிலேயே கத்திக்கொண்டு ஏறும்.

சரி, அந்தச் சக்தி நமக்கு எவ்வளவு தேவை? நடந்து போகிற வேகத்தில் வண்டி ஏறுகிற இடத்தில் எஞ்சினின் குதிரைத்திறனைவிட லோ கியர்தான் பெரிய விஷயம், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற தனி கியர். மூன்று வண்டியிலும் லோ இருக்கிறது. ஜிம்னியில் அதன் விகிதம் 2.0, தாரில் 2.48. தாரின் முதல் கியர் லோவில் வண்டி ஆமை மாதிரி நகரும், மெல்ல ஏற அது தனி சுகம். பாறையில் ஏறுவதற்குத் தார் மேல் என்று சொல்பவர்கள் சொல்வது சரிதான். முன்பக்கம் மேட்டில் இடிக்காமல் ஏறக்கூடிய கோணம் தாருக்கு 41 டிகிரி, ஜிம்னிக்கு 36. நடு வயிறு மேட்டில் தட்டாத கோணம் தாருக்கு 27, ஜிம்னிக்கு 24. தரையிலிருந்து உயரம் தாருக்கு 226, ஜிம்னிக்கு 210 மி.மீ. ஐந்து கதவு ஜிம்னியை வெளிநாட்டு மூன்று கதவு ஜிம்னியைவிட 340 மி.மீ. நீட்டி, 2590 மி.மீ. வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி) ஆக்கியதன் விலைதான் அந்த நடு வயிற்றுக் கோணம். தாருக்கு 2450, மூன்று கதவு கூர்க்காவுக்கு 2400. அகலத்தில் சின்னதாக இருக்கிற ஜிம்னிதான் சக்கர இடைவெளியில் நீளம் என்பதைக் கவனிக்காமல் வாங்கினால், இரண்டாம் ஓடையைத் தாண்டியதும் வரும் மேட்டில் வயிற்றைத் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பாதையில் அந்த மேட்டை இரண்டு ஆள் மண்வெட்டியால் அரை நாளில் வெட்டிச் சரி பண்ணினோம். பாறையை அப்படி வெட்டி அகலப்படுத்த முடியாது. ஜிம்னி பக்கம் நான் சாய்ந்த காரணம் அவ்வளவுதான்.

எடையும் ஒரு காரணம். ஜிம்னி ஏறக்குறைய 1200 கிலோ, தார் 1700 கிலோவைத் தாண்டும். சேற்றில் மாட்டிய 1200 கிலோவை நான்கு தோட்டக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவிடுவார்கள். தாரை இழுக்க இன்னொரு வண்டி வர வேண்டும், இந்த மலையில் அது வந்து சேர இரண்டு மணி நேரம்.

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் பயப்பட வேண்டியது இறங்குவதற்கு. நான் பட்டு அறிந்தது அது. சில வருடம் முன்பு ஒரு மழைக்கால மதியம் நண்பர் வண்டியை நான் ஓட்டிக்கொண்டு இதே மாதிரி ஒரு செம்மண் இறக்கத்தில் வந்தேன். ஃபோர் வீல் போட்டிருந்தேன், லோ போடவில்லை. இரண்டாம் கியர். வேகம் கூடுகிற மாதிரி தோன்றியதும் பிரேக்கை மிதித்தேன். நனைந்த செம்மண் எண்ணெய் தடவிய தட்டு மாதிரி. சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. நேராக விளிம்புக்குப் போய், ஒரு சில்வர் ஓக் மரத்தில் பம்பர் தட்டி நின்றது. தப்பு முழுக்க என்னுடையது. லோவில் முதல் கியரில் இறங்கியிருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கும், பிரேக்கைத் தொடும் வேலையே இல்லை. எந்த வண்டி வாங்கினாலும் முதல் பாடம் இதுவாக இருக்கட்டும். இறக்கத்தைப் பிடித்து இறங்குகிற எலக்ட்ரானிக் வசதி ஜிம்னியில் வருகிறது. ஆனால் அதுவும் பிரேக்கைத்தான் பயன்படுத்துகிறது. லோ கியருக்கு அது மாற்று ஆகாது.

கூர்க்காவை நாங்கள் சீக்கிரமே விட்டுவிட்டோம், மனமில்லாமல்தான். புது வண்டிகளில் காட்டுப் பாதைக்கு அதிகம் தயாராக வருகிறது அதுதான். முன்னாலும் பின்னாலும் கையால் போடுகிற டிஃப்ரன்ஷியல் லாக், கம்பெனியிலிருந்தே வரும் ஸ்நார்க்கல் (எஞ்சினுக்குக் காற்றை மேலிருந்து இழுக்கும் குழாய்), 700 மி.மீ. தண்ணீரில் இறங்கும் தகுதி, 233 மி.மீ. தரை உயரம். 2024-இல் எஞ்சினையும் 140 பி.எஸ். ஆக்கிவிட்டார்கள்.

டிஃப்ரன்ஷியல் லாக் ஏன் பெரிது என்று ஒரு வார்த்தை. சாதாரண வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் சக்தி எல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய் அது சும்மா சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் அசையாது. லாக் போட்டால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். ஜிம்னியில் லாக் கிடையாது. சும்மா சுற்றுகிற சக்கரத்தை பிரேக்கால் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்குச் சக்தி தள்ளுகிற ஏற்பாடு இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிடித்திருந்தால் அது வேலை செய்யும். பழகாதவர்கள் சுற்றுகிறதே என்று காலை எடுத்துவிடுவார்கள், எடுத்தால் போச்சு. தாரில் பின்பக்கம் தானாக விழும் மெக்கானிக்கல் லாக் சில ரகங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஷோரூமில் ரகத்தின் பெயர் சொல்லிக் கேட்டு, விலைப்பட்டியலில் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2023-இலிருந்து பின் சக்கரத்தில் மட்டும் இழுக்கும் தாரும் விற்கிறார்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று. பழைய வண்டிச் சந்தையில் விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, மலை அடிவாரத்தில்தான் லோ கியர் லீவரைத் தேடியிருக்கிறார் எனக்குத் தெரிந்த ஒருவர்.

கூர்க்காவை விட்டதற்கு அகலம் ஒரு காரணம், ஆள் கிடைப்பது இன்னொரு காரணம். மாருதிக்கும் மஹிந்திராவுக்கும் வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கம் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் தெருவுக்குத் தெரு. கூர்க்கா ஓடுகிற எண்ணிக்கையே குறைவு என்பதால் அதில் கை வைத்துப் பழகியவர்களும் குறைவு. ஏலத் தோட்டத்து மேலாளர்கள், ஆழமான ஓடையைத் தினமும் கடப்பவர்கள், பாதை அகலமாக இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கூர்க்கா வாங்கலாம். எங்கள் ஓடை முழங்காலுக்குக் கீழே.

ஐந்து கதவுத் தார் ராக்ஸ் பற்றியும் மச்சினன் கேட்டான். 2850 மி.மீ. வீல்பேஸ். நான்கு வளைவிலும் முன்னும் பின்னும் எடுத்து எடுத்துத் திருப்ப வேண்டும். பிக்கப் வண்டிகளும் அதே கதை, 3 மீட்டரைத் தாண்டும் வீல்பேஸ். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்தது பழைய ஜீப். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

மஹிந்திரா 1947-இல் வில்லீஸ் ஜீப்புகளை இங்கே பூட்ட ஆரம்பித்தது. அந்த வம்சத்தில் வந்த மேஜர், எம்.எம். 540, கமாண்டர் வண்டிகள்தான் இன்றைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கரடுமுரடான பாதைகளைச் சுமக்கின்றன. சந்தேகம் இருந்தால் கொழுக்குமலைக்குப் போய்ப் பாருங்கள். தேனி மாவட்டத்து மலை அது, ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். விடிகாலை நாலரை மணிக்குச் சூரிய உதயம் பார்க்க வரிசையாகக் கிளம்புகிற ஜீப்புகளில் பாதிக்கு என் வயதிருக்கும். கல்லில் ஏறி, கல்லில் இறங்கி, எலும்பெல்லாம் எண்ணிவிட்டுக் கொண்டுபோய் விடுகின்றன.

அவை தாங்குவதன் ரகசியம் எளிமைதான். எம்.எம். 540-இல் இருந்தது 2.1 லிட்டர் பெஜோ டீசல் எஞ்சின். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. டீசல் வந்தால் ஓடும், வராவிட்டால் எங்கே அடைத்திருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்கலாம். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். ஒரு பட்டை உடைந்தால் மரக்கட்டை வைத்துக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். புது வண்டியில் ஒரு சென்சார் வயரை எலி கடித்தாலே எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி முடங்கும், தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை.

ஆனால் மதுரையில் இருந்துகொண்டு மாதம் இரண்டு முறை வந்துபோகிறவன் பழைய ஜீப் வாங்கக் கூடாது. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வரை அதை நெடுஞ்சாலையில் ஓட்டுவதே ஒரு தண்டனை. டிரம் பிரேக், பல வண்டிகளில் பவர் ஸ்டியரிங் இல்லை, ஏர்பேக் என்ற பேச்சே இல்லை. மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடுகிற பழைய வண்டி, ஓடாத 28 நாளில்தான் கெடும். காகிதம் இன்னும் பெரிய தலைவலி. சந்தைக்கு வரும் ஜீப்புகளில் எஞ்சின் மாற்றியவை நிறைய. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் எண்ணும் வண்டியில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று விளக்கடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தனி. தோட்டத்திலேயே குடியிருப்பவர், கையில் கொஞ்சம் ஸ்பேனர் பழக்கம் இருப்பவர் என்றால் இந்த ஐந்தில் பழைய ஜீப்தான் முதல் இடம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கடைசியாக, மச்சினன் கேட்கவே விரும்பாத வாடகை ஜீப். காசுக் கணக்கு இதுதான். எங்கள் பாதைக்கு ஜீப்புக்கார அண்ணன் ஆள் ஏற்றிப் போய்த் திரும்ப 1,800 ரூபாய் வாங்குகிறார், மூட்டை இறக்க 2,500. வருடத்துக்கு 24 நடை ஆளுக்கு, 10 நடை மூட்டைக்கு என்று வைத்தால் 68,200 ரூபாய். புதிய ஃபோர் பை ஃபோர் எதை எடுத்தாலும் வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 15 லட்சத்தை ஒட்டி வரும், மேலேயும் போகும். 15 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருடக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 31,000 ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டேகால் மாதத் தவணையில் ஒரு வருட ஜீப் வாடகை முடிந்துவிடும். டயர், டீசல், ரிப்பேர், இரவுத் தூக்கம் எல்லாம் அந்த அண்ணன் கணக்கு.

"அப்புறம் எதுக்கு மாமா நாம வண்டி பாத்துக்கிட்டு இருக்கோம்?" என்றான். நல்ல கேள்வி. வாடகை ஜீப்பின் குறை காசில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. காபிப் பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. பாதை மோசமாக இருக்கிற அதே வாரத்தில்தான் எல்லாத் தோட்டத்துக்கும் ஜீப் வேண்டும். நமக்கு முன்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் இந்தப் பாதையில் வர அவர் தயங்குவார், காட்டு மாடு நடுப்பாதையில் நின்றால் அது நகரும்வரை நாம் நிற்க வேண்டியதுதான். இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கையில் ஒரு வண்டி இருப்பதும் இல்லாததும் வேறு வேறு.

ஜீப்புக்கார அண்ணனிடமே கேட்டோம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க போய் வர சின்ன வண்டி வாங்கிக்கங்க. மூட்டையை எனக்கு விட்டுருங்க. மூட்டை ஏத்துனா எந்தப் புது வண்டியும் ஒரே வருசத்துல கிழவனாயிரும்." வியாபாரம் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். யோசித்தால், நாடாவும் கணக்கும் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

ஆக, ஜிம்னி. மூட்டைக்கு வாடகை ஜீப். இந்த முடிவு எங்கள் பாதைக்கு மட்டும். வால்பாறைப் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஓயாத மழையில் எஸ்டேட் ரோடு ஓட்டுகிறவர் தாரையும் கூர்க்காவையும்தான் பார்க்க வேண்டும், அங்கே பாதை அகலம், சேறு ஆழம். குதிரைதான் சுமை தூக்குகிற மலையூர் என்றால் அங்கே இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. தோட்டம் எதுவும் இல்லாமல், வார இறுதியில் சேற்றைக் கிளப்பிப் பார்க்க மட்டும் ஃபோர் பை ஃபோர் தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காப்புக் காட்டுக்குள்ளும் சோலைப் புல்வெளியிலும் தடம் போடாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்தப் புல்வெளியில் டயர் கிழித்த வடுவில் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஓடி, அது ஓடையாகவே ஆகிவிடும்.

வண்டி வாங்கிய பிறகு இரண்டு செலவு செய்தோம். ரோட்டு டயரைக் கழற்றிவிட்டு அதே 195/80 ஆர்15 அளவில் ஆல் டெரெய்ன் டயர். அளவை மாற்றவில்லை. இன்னொன்று, சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்னக் காற்று பம்ப். தார் ரோடு முடியும் இடத்தில் டயரில் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குகிறோம், திரும்பி வந்ததும் ஏற்றிக்கொள்கிறோம். டயர் தட்டையாகி மண்ணை அகலமாகப் பிடிக்கிறது. இந்தச் சின்ன வேலை தரும் பிடிப்பை லட்ச ரூபாய் ஆக்சஸரி தராது. விஞ்ச் (மாட்டிய வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கும் கருவி) வேண்டும் என்றான், வேண்டாம் என்றேன். ஒரு நல்ல இழுவைக் கயிறு, கயிற்றை மாட்ட இரண்டு ஷாக்கிள் வளையம், ஒரு மண்வெட்டி, ஒரு அரிவாள் போதும். விழுந்த மரக்கிளைக்கு விஞ்சைவிட அரிவாள் சுலபம்.

போன டிசம்பரில் பதினோரு மூட்டை காபி கீழே இறங்கியது, அண்ணனின் ஜீப்பில், சக்கரத்தில் சங்கிலி சுற்றி. மச்சினன் பின்னால் ஜிம்னியில் லோ போட்டு, பிரேக்கில் கால் வைக்காமல் வந்தான். மூன்றாவது வளைவில் அண்ணன் நிறுத்தி இறங்கி வந்து, பாறைக்கும் இவன் வண்டிக்கும் நடுவில் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சாண் இருந்தது.